மல்லிகைக் கன்றும் சீமைக் கருவேலமும்

எங்கள் பக்கம் கட்டடங்களுக்கு விருது தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேடையும் பொன்னாடையும் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெரியம்மா நிழற்குடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டுனவன் ஒரு நாளாவது பஸ்ஸுல போயிருப்பானா?" என்று கேட்டாரே, அது ஒரு விருது. பெரியபட்டினத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கடக்கும்போது பைக்கை மெதுவாக்கி, "உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும்டா" என்று பின்னால் இருப்பவனிடம் சொல்கிறார்களே, அதுவும்தான்.

அந்தப் பெரியம்மா சொன்ன நிழற்குடை ராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. மேற்கு பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மதியம் 2 மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். உட்காருவதற்கு மூன்று ஸ்டீல் குழாய்கள், யாரும் படுத்துவிடக் கூடாதென்று முன்பக்கம் சரித்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அதில் உட்கார்ந்தால் தொடை பழுத்துவிடும். கூரை பச்சை நிற பாலிகார்பனேட் தகடு, அடியில் நிற்பவர்கள் எல்லோர் முகமும் பச்சையாகத் தெரியும். நிதி கொடுத்தவர் பெயர் நெற்றி முழுக்க இருக்கிறது. ஊர் பெயர் ஒரு மூலையில், அதுவும் போஸ்டருக்கு அடியில். பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம். அதன் தூரில் யாரோ எப்போதோ இரண்டு கருங்கல் பலகைகளைப் போட்டுவைத்தார்கள். சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். டிரைவர்களும் நிழற்குடையைத் தாண்டிவந்து மரத்தடியில்தான் பிரேக் போடுகிறார்கள்.

இந்த முணுமுணுப்பையே ஒழுங்கான விழாவாக நடத்தும் ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் 1976இல் ஆரம்பித்தார்கள். நல்ல கட்டடத்துக்கு ஆர்க்கிட் பூ, மோசமானதற்கு வெங்காயம். ஊரில் யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், நடுவர் குழு உட்கார்ந்து முடிவு செய்யும். கட்டடம் என்று மட்டும் இல்லை, பூங்கா, தெரு அமைப்பு எல்லாமே கணக்கில் வரும். இங்கிலாந்தில் ஒரு கட்டடக்கலை இதழ் 2006இல் 'கார்பங்கிள் கோப்பை' என்று ஒன்றைத் தொடங்கியது. அது முழுக்க முழுக்கத் திட்டு மட்டும்தான். லண்டன் நேஷனல் கேலரிக்குப் போட்ட ஒரு விரிவாக்கத் திட்டத்தை, அழகான முகத்தில் வந்த கட்டி என்று 1984இல் இளவரசர் சார்லஸ் சொல்லப்போக, அந்தக் 'கட்டி'தான் கோப்பைக்குப் பெயரானது. 2015இல் அதை வாங்கியது 'வாக்கி டாக்கி' என்று செல்லப்பெயர் கொண்ட லண்டன் கோபுரம். அதன் கண்ணாடி முகப்பு உட்குழிந்து வளைந்திருக்கும். 2013இல் கட்டி முடிப்பதற்குள்ளேயே வெயிலைக் குவித்துத் தெருவில் அடித்து, கீழே நின்ற ஒரு காரின் பாகங்களை உருக்கிவிட்டது. லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி. அதைத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் மண்டபம் ஊர்க் கடற்கரையில் வைத்திருந்தால் கீழே கருவாடு காயப்போட்டிருக்கலாம்.

சரி, நாமும் ஒன்று வைப்போம் என்று நண்பர்கள் நாலைந்து பேர் டீக்கடையில் பேச ஆரம்பித்து, பேச்சு இன்னும் ஓயவில்லை. பெயர் மட்டும் முடிவாகிவிட்டது. ஆர்க்கிட் நமக்குப் பழக்கமில்லை. வெங்காயம் விற்கிற விலைக்கு அதைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நல்லதற்குத் தங்கச்சிமடம் மல்லிகைக் கன்று. மதுரை மல்லி என்று பேர் வாங்குகிற பூவுக்கு நாற்று போவது எங்கள் ராமேஸ்வரம் தீவிலிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது. மோசமானதற்குச் சீமைக் கருவேலம், முள்ளோடு ஒரு கிளை. இந்த மாவட்டத்தில் தட்டுப்பாடே வராத பொருள் அது.

நான் படித்தது சிவில் டிப்ளமா. வீடுகளுக்குப் பிளான் போட்டு மேற்பார்வை பார்ப்பதுதான் பிழைப்பு. ஆகவே இதில் தொழில் புகைச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. கட்டடத்துக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். திறப்பு விழா போட்டோவை வைத்து இந்தக் கடற்கரையில் எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனி ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும், ஐப்பசி பிறந்தால் வாடை. இரண்டுமே உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்பிவிட்டுத்தான் போகும். கதவின் கீல், கேட், ஏ.சி. பெட்டியின் தகடு எல்லாம் முதல் இரண்டு வருஷத்தில் பல்லைக் காட்டும். கான்கிரீட் கொஞ்சம் பொறுத்துக் காட்டும்.

அது ஏன் என்பது இத்தனைக்கும் ரகசியம் இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு நுண்துளைகள் வழியாக மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தக் காப்பு போய்விடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ எந்தத் தெருவிலும் தலையைத் தூக்கிப் பாருங்கள், சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தொங்கும் வீடு ஒன்றாவது இருக்கும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும், கலவையின் வலிமைத் தரம் எம்-30க்குக் குறையக் கூடாது என்கிறது. கடல் திவலை நேராகத் தெறிக்கும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்-35.

சைட்டில் நடப்பது வேறு. கம்பியைச் சென்ட்ரிங் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தக் கவர் பிளாக் என்று சின்னச் சின்னக் கட்டிகள் உண்டு, ஒன்று சில ரூபாய்தான். ஒரு சமுதாயக்கூட வேலையில் அதைத் தேடிப் பார்த்தேன், ஒன்றைக்கூடக் காணோம். "என்ன மேஸ்திரி, கவர் பிளாக் எங்கே?" என்றேன். "முக்கால் ஜல்லி குடுத்திருக்கேன் தம்பி. நின்னுக்கிடும்." கலவைக்கு ஓடிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீருக்கு ஒரு படி கீழே. "இது நிக்குமா மேஸ்திரி?" என்று கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "தெறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க தம்பி. அதுவரைக்கும் நிக்கணும்னுதான என்கிட்ட கேட்டாங்க" என்றார். அவருக்குக் கருவேலம் கொடுப்பது பாவம். தேதி குடுத்தவர்களுக்குக் கொடுக்கலாம்.

அப்படியானால் பழைய கட்டுமானமெல்லாம் உசத்தியா என்று கேட்பார்கள். தனுஷ்கோடி தேவாலயச் சுவரை அருகே போய்ப் பாருங்கள், போட்டோ எடுக்கிற தூரத்தில் நின்றால் தெரியாது. ஒவ்வொரு கல்லிலும் பொடிப் பொடியாகக் கண்கள் இருக்கும். சிலதில் மடிப்பு மடிப்பாகக் கோடு ஓடும். எல்லாம் பவளப்பாறையை வெட்டி எடுத்தது, இடையில் சுண்ணாம்புச் சாந்து. 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு போனது, தேவாலயத்தின் கூரையும் போய்விட்டது. அதற்குப் பிறகும் இத்தனை வருஷமாக உப்பிலும் காற்றிலும் அந்தச் சுவர்கள் தேய்ந்துகொண்டே நிற்கின்றன. உள்ளே இரும்பில்லாத சுவரில் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

ஆனால் அதற்கு மல்லிகைக் கன்று கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கல் எங்கிருந்து வந்ததென்று பார்க்க வேண்டும் அல்லவா? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன, பாறை வெட்டியதில் முக்கியமான பங்கு உண்டு. வீட்டுச் சுவருக்கென்று மட்டும் வெட்டவில்லை, சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் வள்ளம் வள்ளமாக எடுத்தார்கள். 1986இல் அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அலையின் வேகத்தைக் கரைக்கு வெளியிலேயே உடைப்பது அந்தப் பவளப்பாறைத் திட்டுகள்தான். அதை வெட்டி வீடு கட்டிவிட்டுக் கடல் ஊருக்குள் வருகிறது என்று புலம்பியிருக்கிறோம். ஆக, தேவாலயச் சுவர் என் பட்டியலில் கன்றுக்கும் முள்ளுக்கும் நடுவே நிற்கிறது. நடுவர் குழுவில் யாராவது சண்டை போட்டு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இழுத்துக்கொள்ளட்டும்.

கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெம்பாகப் பதில் சொல்லக்கூடிய கட்டடம் ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம். அந்தத் தீவில் மணலும் பவளப்பாறையும்தான், கருங்கல் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பாலம் ஏது? தூண் தூணாகக் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். 1,212 தூண்கள் என்பது வழக்கமான கணக்கு. உச்சி வெயிலில் நாலு ரத வீதியிலும் செருப்பில்லாமல் குதித்துக் குதித்து வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் நடையை மாற்றுவதைக் கவனித்தால் போதும், வேறு நடுவர் தேவையில்லை. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலுக்கும் ஒரு கன்று நிச்சயம். வள்ளல் சீதக்காதியோடும் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலத்தோடும் சேர்த்துப் பேசப்படுவது. உள்ளே போனால் கருங்கல் தூண், தூணுக்கு மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகை என்று கோயில் மண்டபம் கட்டிய கை தெரியும். எந்த ஊரிலிருந்தோ படம் பார்த்துக் கட்டவில்லை, பக்கத்து ஊர்க் கல்தச்சன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறான். இப்போது இந்தக் கரையில் எழும்பும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்குமே ஒரே டைல்ஸ் கடை. அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பாம்பன் பாலத்துக்கு வருகிறேன். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று உப்பை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் நிபந்தனைப்படி 2035 வரை அது காத்திருக்க வேண்டும், பிரதமரே திறந்ததாக இருந்தாலும். பக்கத்தில் 1914இல் திறந்த பழைய பாலத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 1964 புயலில் கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போனபோது ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் ரயிலை மறுபடி ஓட்டியது. நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் ரயில் நிற்கும்வரை நூறு வருஷத்துக்கு மேல் அந்த இரும்பு ஓடியிருக்கிறது. எஞ்சினியர் எழுதிய கணக்கினால் மட்டும் அது நடக்கவில்லை. துரு தெரிந்த இடத்தைச் சுரண்டு, பெயின்ட் அடி, அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனையில் துரு தெரியும், திரும்ப வா. ஆகா கான் கட்டடக்கலை விருது என்று ஒன்று 1977இல் தொடங்கியது, அதில் கட்டடக் கலைஞரோடு கொத்தனாரையும் கட்டச் சொன்னவரையும் சேர்த்துக் கௌரவிப்பார்கள். அதே வழக்கப்படி பழைய பாலத்துக்கான கன்று, பெயின்ட் டப்பாவோடு கர்டரில் தொங்கியவர்களுக்குப் போக வேண்டும்.

சாலைப் பாலத்தின் விஷயம் தனி. 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வண்டியை நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கிறது, போலீஸும் விரட்டுகிறது. இருந்தாலும் அதில் வந்து நிற்காத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? பாட்டியை இறக்கி, கைப்பிடிச் சுவரில் சாய்த்து, ரயில் பாலம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அப்புறம்தான் ராமேஸ்வரம். மாநிலத்தின் மிக நல்ல கடல் பார்க்கும் மேடை இது. அதற்கென்று கட்டியதில்லை, அவ்வளவுதான். பின்னால் லாரி உரசிக்கொண்டு போகும். பாதுகாப்பாக நின்று பார்க்க ஓரமாக ஒரு வளைவு யோசிக்கப்பட்டிருந்தால் என்று ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தோன்றும்.

கருவேலத்துக்கு என்னுடைய முதல் பரிந்துரை எந்தக் கட்டடமும் இல்லை, ஓர் ஊரணி. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஊரணி என்றால் என்னவென்று விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊரில், மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்ளும் குளம். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊரணி. தண்ணீர் வரும் பாதைக்கு வரத்துக்கால் என்று பேர். ஆடு மாடு இறங்காமல் கரை உயர்த்தி, குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டு, படித்துறையில் இறங்கிக் குடத்தில் மொண்டு வருவார்கள். கட்டடமே இல்லாத கட்டடக்கலை இது, இந்த மாவட்டத்தை மனுஷர் குடியிருக்கும் இடமாக வைத்திருந்தது.

நான் சொல்லும் ஊரணியை 'அழகுபடுத்தினார்கள்'. சுற்றி நடைபாதை, அதில் சிவப்பும் மஞ்சளுமாக இன்டர்லாக் கல். ஸ்டீல் கைப்பிடி, மான் சிலை, எல்.இ.டி. விளக்கு, 'ஐ லவ்' என்று ஆரம்பித்து ஊர் பெயரில் முடியும் எழுத்துகள். மண்கரையை வெட்டிவிட்டுச் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள், படித்துறை போய்விட்டது, தண்ணீரைத் தொட வழியில்லை. அதே சமயத்தில் பக்கத்துத் தெருவுக்குச் சிமென்ட் ரோடு வந்தது, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே. வரத்துக்காலின் வாய் ரோட்டுக்கு ஒரு முழம் கீழே போய்விட்டது. அந்த வருஷம் ஐப்பசி மழை பெய்து தண்ணீர் ஊரணியைத் தேடி வந்து, நடைபாதையில் முட்டி, திரும்பி வீடுகளுக்குள் போனது. ஒரு வீட்டில் அடுப்பங்கரையில் கணுக்கால் தண்ணீர். நேர் எதிரே ஊரணியின் அடிமண் வெடித்துக் கிடந்தது, மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, கணக்கெல்லாம் சரியாகவே இருக்கும். கரையைப் பார்த்தவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருமென்று பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் தெருப் பையன்களே கடப்பாரையோடு போய் நடைபாதையில் நாலு கல்லைப் பெயர்த்துக் குழாய் பதித்தார்கள். அந்தக் குழாய்க்கு ஒரு மல்லிகைக் கன்று தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

தண்ணீர் என்றதும் தனுஷ்கோடிக்குத் திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று புயலுக்குப் பிறகு அரசு அறிவித்த மணல் அது. இன்றும் அங்கே மீனவக் குடிசைகள் இருக்கின்றன. கூரையின் விளிம்பு இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும், காற்றுக்குப் பிடி கிடைக்காது. குடிக்க, கடலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே மணலைக் கையால் தோண்டுகிறார்கள், நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கும். ஆழமாகப் போனால் உப்பு கலந்துவிடும், அதனால் ஊற்று ஆழம் குறைந்தே இருக்க வேண்டும். சிரட்டையால் மொள்ளும் பெண்களுக்கு இது தெரியும். போர் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகள். கண்ணாடியும் அலுமினியத் தகடும் ஒட்டிய எலிவேஷன், ரோமானியத் தூண், உள்ளே காற்றே வராது. ஒரு நண்பனுக்கு அவற்றின்மேல் கருவேலம் வீசியே தீர வேண்டும். நான் மறுத்துவிட்டேன். சவுதியிலோ துபாயிலோ இருபது வருஷம் ஒரு அறையில் எட்டுப் பேராகப் படுத்தவன், தன் வீட்டுக்கு என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும். அவன் அம்மா கோடையில் பின்பக்கம் இருக்கும் பழைய ஓட்டுச் சாய்ப்பில்தான் படுக்கிறார் என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியும், நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பொதுப்பணத்தில் கட்டியது, பொதுமக்கள் புழங்குவது, லாட்ஜ், கல்யாண மண்டபம், இவற்றோடு நிறுத்திக்கொள்வோம் என்றேன். "அப்ப கான்ட்ராக்டர் எல்லாரும் நமக்குச் சொந்தக்காரனாச்சே, எப்படிடா?" என்றான். அதுவும் உண்மைதான். போன மாசம் பேசிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டியவர் என் மச்சானுக்குப் பெண் கொடுத்தவர். வாசலில் பதினோரு படி, சாய்தளம் கிடையாது. அவர் மகள் கல்யாணத்துக்குத் தாத்தாவைச் சேரோடு நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

நடுவர்களாக யார் யார் என்பதற்கு மட்டும் ஓரளவு பட்டியல் தயார். அந்தத் தாத்தா சம்மதித்தால் முதல் ஆள் அவர். தலையில் மீன் பாத்திரத்தோடு பஸ் ஏறும் ஒரு அக்கா, போஸ்ட்மேன், கவர் பிளாக் வைக்காத மேஸ்திரி. எஞ்சினியர் ஒருவர் போதும், அது நானாக இருக்க வேண்டியதில்லை. கருவேலம் கொடுத்தால் வாங்க எவனும் மேடைக்கு வர மாட்டானே என்ற கேள்விக்கு, போஸ்டர் அடித்து அந்தந்தக் கட்டடத்திலேயே ஒட்டிவிடலாம் என்கிறான் நண்பன். நிழற்குடையில் ஒட்ட இடமில்லை, ஏற்கெனவே ஊர் பெயரையே மூடிவிட்டார்கள். ஊரணி நடைபாதையில் ஒட்டலாம், நாள் முழுக்க மான் சிலைப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது.